அவரைப் புழுவும் பட்டுப் புழுவும்

என் ஓரகத்தியை நான் மன்னித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற வேண்டாம். அவள் செத்து இரண்டு வருஷமாகிறது. ஊரெல்லாம் அவளை நல்லவள் என்கிறது. நல்லவள்தான். எனக்கு அவள் செய்தது மட்டும் என்னோடு இருக்கிறது. அவளுக்கு நான் செய்ததை யாருக்கும் சொன்னதில்லை. ஒரே ஒருத்திக்குச் சொன்னேன், அவளுக்கே.

முதல் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தபோது நான் தொம்மலூருக்கு வாழ வந்தேன். அப்போது அது தனிக் கிராமம். பட்டாளத்தார் இருந்த தண்டுப் பக்கம் மார்க்கெட்டுக்கு எங்கள் ஆட்கள் வண்டியில் காய்கறி கொண்டுபோவார்கள். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் வண்டியைப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பெண்சாதி பட்டுப்புழு வளர்த்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் முசுக்கொட்டை, அதை ஒட்டி ஒரு நீள அறை, அறைக்குள் மூங்கில் தட்டுகள், அந்த அறையின் சாவி அவள் முந்தானை முடிச்சில். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். வேறு எப்படியும் கூப்பிட முடியாது, மூத்தவள்.

அந்த அறைக்கு அவள் வைத்திருந்த சட்டம் கோர்ட்டில்கூட இருக்காது. வெங்காயம் நறுக்கிய கையோடு பக்கத்தில் வரக்கூடாது. பீடி குடித்தவன் அந்தப் பக்கம் மூச்சு விடக்கூடாது. பெண்கள் தூரமானால் நிழல்கூடப் படக்கூடாது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், புழு வளர்ப்பவர்கள் பயந்து பயந்துதான் வளர்ப்பார்கள். ஆனால் எனக்கு மட்டும் அவள் ஒரு தனிச் சட்டம் போட்டாள். தூரமான அன்று நான் கிணற்றடியில் நின்று, "அக்கா, நான் தூரம்" என்று மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். அவள் அறைக்குள்ளிருந்து "ஆங்" என்று சொல்லும் வரை நகரக்கூடாது. எதிரே வண்டிமாடு கட்டும் இடம், ஆம்பளைகள் நிற்பார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்து, எழுதத் தெரிந்து, நல்ல பேர் வாங்கி வந்தவள் நான். மாதம் தவறாமல் அப்படிக் கத்தினேன்.

இரண்டு மாதம் கத்தவில்லை. கத்த வேண்டிய காரணம் வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். மூன்றாவது மாதம் முடியட்டும், அண்ணியிடம் சொல்லலாம் என்றார்.

அது மார்கழி. எங்கள் ஊர் மார்கழிப் பனி தெரிந்தவர்களுக்குத் தெரியும், பத்து மணி வரை எதிர்வீடு தெரியாது. அவரைக்காய்க்கு அந்தப் பனி இறங்கினால்தான் வாசனை வரும், பட்டுப்புழுவுக்கோ அதுதான் எமன். புழுக்கள் நாலாவது ஜுரம் தாண்டியிருந்தன. தோலுரிக்கும் முன் தீனி தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்குமே, அதை ஜுரம் என்போம். இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்ட வேண்டியவை. ஒரு காலை பாதிப் புழு இலையைத் தொடவில்லை. மறுநாள் துவண்டன. அதற்கு மறுநாள் விறைத்துக்கொண்டன. அப்புறம் உடம்பெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. எடுத்தால் சுண்ணாம்புக் குச்சி மாதிரி ஒடிந்தது, விரலில் மாவு ஒட்டியது. அதனால்தான் இந்தச் சீக்குக்குச் சுண்ணக்கட்டு என்று பேர். தட்டு தட்டாகப் போயிற்று.

அவள் வெளியே வந்தாள். நான் முசுக்கொட்டை இலைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். இலை பறிப்பது என் வேலை.

"தூரமாயிட்டு சொல்லாம இலை பறிச்சியாடி?"

"இல்லக்கா. ரெண்டு மாசமா எனக்குத் தூரமே இல்ல."

"அப்பிடின்னா?"

"வயித்துல இருக்குதுக்கா."

அதற்குள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. "பாத்தீங்களா? மாட்டிக்கிட்டதும் வயித்துல புள்ள வந்துடுச்சு இவளுக்கு" என்றாள்.

தீட்டு சேர்த்தவள்தான் செத்த புழுவைச் சுமக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தட்டுகளை ஒவ்வொன்றாக என் தலையில் ஏற்றினாள். தெரு வழியாகப் போய், எங்கள் அவரைக் கொல்லை ஓரத்து எருக்குழியில் கொட்டிவிட்டு வர வேண்டும். பன்னிரண்டு நடை. வெள்ளைத் தூள் தலைமுடியிலும் தோளிலும் கொட்டிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் மாட்டுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார், பன்னிரண்டு நடையும் மாற்றிக்கொண்டே இருந்தார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எழுத மாட்டேன்.

பதினோராம் நாள் எனக்கு ரத்தம் போயிற்று. நான் கொல்லைப் பக்கம் துணி அலசுவதை அவள் பார்த்தாள். வாசலுக்குப் போய் அதே பெண்களிடம், "அதுதான் தூரமாயிட்டாளே, எங்க போச்சு புள்ள?" என்று கேட்டாள். என் குழந்தை போய்விட்டது என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தூரம் வந்தது என்று சொன்னார்கள். படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு ஆசை பிறந்தது: நான் சொன்னது நிஜம் என்று இவள் வாயாலேயே, அதே பெண்கள் முன்னால், சொல்ல வைக்க வேண்டும். அதற்கு எது செய்தாலும் சரி.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவரைக் கொல்லைக்குத்தான் போனேன். அந்த வீட்டில் என் சொந்தப் பொறுப்பு என்று இருந்தது அது ஒன்றுதான். வருஷா வருஷம் காய்ப்புழு விழும். பச்சைப் புழு காயில் ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டு, பின்னுடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். வெட்கம் கெட்ட ஜென்மம். நான் விளக்குமாற்றால் தட்டி நசுக்குவேன், சாம்பல் தூவுவேன், ஒன்றும் பலிக்காது. அந்த வருஷம் எருக்குழியை ஒட்டிய இரண்டு வரிசையில் மட்டும் புழுக்கள் செடி உச்சியில் ஏறி, தண்டைக் கட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன. உடம்பில் கணுக் கணுவாக வெள்ளை. ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். அதே சுண்ணாம்புக் குச்சி.

நான் நாலாவது வரைதான் படித்தவள், ஆனால் முட்டாள் இல்லை. என் தலையிலிருந்து கொட்டிய தூள்தான் இங்கே வந்து இவற்றைப் பிடித்திருக்கிறது என்று புரிந்தது. அவரைப் புழுவுக்கு எந்தத் தூரப் பெண்ணின் நிழல் பட்டது? கிடைத்த வெள்ளைப் புழுவையெல்லாம் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, ஒரு சின்னச் சட்டியில் போட்டு வாயைக் கட்டி, கொல்லைக் குடிசையின் கூரையில் செருகி வைத்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

பங்குனி வெயிலில் பட்டு இலாகாவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினார். புங்க மரத்தடியில் பெண்களை உட்காரவைத்து, செத்த புழு ஒன்றைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். "முட்டும் இல்லம்மா, மைலிகெயும் இல்ல. இது பூஷ்டு. ஊறுகா மேல பிடிக்குதே, அந்த ஜாதி" என்றார். முட்டு என்றால் தூரம், மைலிகெ என்றால் தீட்டு, பூஷ்டு என்றால் பூசணம். அதன் விதை மாவு மாதிரி பறக்கும், பனிக்காலத்தில் புழுவின் தோலில் ஒட்டி உள்ளே வேர் விடும், புழுவைத் தின்று தீர்த்துவிட்டு வெளியே பூக்கும் என்றார். செத்ததை எருக்குழியில் போடாமல் எரிக்கச் சொன்னார். தட்டை மயில்துத்தத் தண்ணீரில் கழுவு, அறையை மூடிக் கந்தகம் புகை போடு என்றெல்லாம் சொன்னார்.

நான் என் ஓரகத்தியைப் பார்த்தேன். சர்க்கார் ஆளே சொல்லிவிட்டார், இனி என்ன சொல்வாள்? அவள் எழுந்து முந்தானையை உதறினாள். "பொம்பள சமாச்சாரம் ஆம்பளைக்கு என்ன தெரியும்" என்றாள், போய்விட்டாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆக, நியாயம் சொல்லி அவளை ஜெயிக்க முடியாது என்று அன்றைக்கு முடிவாயிற்று.

அந்த ஆள் சைக்கிளை எடுக்கும்போது நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். "சாமி, இது அவரைப் புழுவுக்கும் வருமா?"

ஆச்சரியமாகப் பார்த்தார். "வரும். வெளிநாட்டுல பயிர்ப் புழுவக் கொல்ல இதையே வளத்துத் தூவிப் பாக்கறாங்க. ஆனா நீங்க அதச் செய்யாதீங்கம்மா. பட்டு வளக்கற வீட்டுல இத வெச்சுக்கிறதும் கூரையில நெருப்பு வெக்கிறதும் ஒண்ணு."

"சரி சாமி" என்றேன். எனக்கு வேண்டியதை அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் அவரை பூத்தது, புழுவும் வந்தது. சட்டியை இறக்கினேன். உலர்ந்த புழுக்களை இடித்து, மெல்லிய துணியில் முடிந்து, பனி சொட்டும் காலையில் பூக்கொத்துகளின் மேல் தட்டிக்கொண்டே போனேன். வெயில் நாளில் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை, பனி வேண்டும். காய்க்குள்ளே நுழைந்துவிட்டவை பல தப்பித்தன. ஆனால் ஐந்தாம் நாள் முதல் புழு உச்சிக்கு ஏறியது. ஏழாம் நாள் வரிசைக்கு வரிசை வெள்ளைக் குச்சிகள். நான் குனிந்து குனிந்து பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு குஷி. "செத்தியாடி" என்று ஒவ்வொன்றிடமும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பேர் வைத்துக் கூப்பிட்டேன், அது யார் பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் என் அவரைக்காயைத் தண்டு மார்க்கெட்டில் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வெள்ளைப் புழுக்களை மறுபடி பொறுக்கினேன். இப்போது சட்டி நிறையப் புதுச் சரக்கு இருந்தது.

தை பிறந்ததும் என் தம்பிக்குக் கல்யாணம். ஜீவனஹள்ளியில் அம்மா வீட்டுக்குப் பத்து நாள் முன்னாலேயே நான் போக வேண்டும். நாள் பார்த்தேன். கல்யாணத்துக்கு நாள் பார்த்தது பெரியவர்கள், என் வேலைக்கு நாள் பார்த்தது நான். முதலில் தூரமானேன். கிணற்றடியில் நின்று எப்போதையும்விட உரக்கக் கத்தினேன், மூன்றுக்குப் பதில் நாலு தடவை. தெருவே சாட்சி. நாள் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதையும் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் இரண்டு நாள் இலை பறித்தேன். புழுக்கள் மூன்றாவது ஜுரம் எழுந்திருந்தன, அறையில் தின்னும் சத்தம் மழை பெய்வதுபோலக் கேட்டது.

கிளம்பும் நாள் காலை பனி நன்றாக இறங்கியிருந்தது. இலைக் கூடையின் மேல் ஈரச் சாக்கு போட்டு அறை வாசலில் வைப்பது வழக்கம். சாக்கைத் தூக்கினேன், துணி முடிச்சை இலைமேல் தட்டினேன், அடியில் உள்ள இலையை மேலே புரட்டி அதன்மேலும் தட்டினேன். துணியை அடுப்பில் போட்டேன், கையைத் தேய்த்துக் கழுவினேன். "அக்கா, போய்ட்டு வரேன்" என்றேன். உள்ளேயிருந்து "ஆங்" என்றாள். ஜட்காவில் ஏறி ஜீவனஹள்ளி வந்து சேர்ந்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் என் வீட்டுக்காரர் வந்தார், முகம் செத்துப்போயிருந்தது. "மறுபடியும் சுண்ணக்கட்டு. ஒரு தட்டு மிச்சமில்ல. அண்ணி ரெண்டு நாளா சோறு தின்னல."

"நான் அங்க இல்லியே" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, நீ இல்ல" என்றார்.

மறுநாள் பந்தியில் பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நான் திரும்பி வந்தபோது அவள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். தெருப் பெண்கள் துக்கம் விசாரிக்கிறவர்கள் மாதிரி சுற்றி இருந்தார்கள், அதே ஏழெட்டுப் பேர். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "அன்னிக்கு நீ சொன்னது நெசந்தான். உன் வயித்துல புள்ள இருந்திருக்குது. நாந்தான் பாவி, உன் தலையில சுமக்க வெச்சேன்" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை என் முன்னால் தரையில் வைத்தாள். "நீ ஊர்லயே இல்ல. நான் மட்டுந்தான் உள்ள போனேன். தோஷம் என் கையில இருக்குது. இனிமே நீ பாத்துக்க."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், குளிர்ந்தது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அறை என் கைக்கு வந்ததும் சைக்கிள்காரர் சொன்னதை அப்படியே செய்தேன். எருக்குழியைத் தோண்டி எரித்தேன். தட்டுகளை மயில்துத்தத்தில் கழுவி வெயிலில் போட்டேன். கந்தகம் புகை போட்டதில் மூன்று நாள் தெருவே இருமியது. கூரையிலிருந்த சட்டியை இறக்கி, உள்ளே இருந்ததை அடுப்பில் கொட்டி எரித்தேன், இனி அது எனக்கும் எதிரி. அவரைக் கொல்லையில் புழு மறுபடி வந்து ஓட்டை போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தின்னவிட்டேன். பட்டுப்புழு மட்டும் தவறாமல் கூடு கட்டியது. எனக்குக் கைராசி என்று பேராயிற்று, கிணற்றடிச் சட்டத்தையும் ஒழித்தேன்.

அவள் நிலைப்படிக்கு வெளியே நின்று, "ஜுரம் எழுந்துச்சா? தீனி போதுமா?" என்று கேட்பாள். ஒரு வருஷம் அது எனக்கு வெல்லமாக இருந்தது. அப்புறம் அவள் நாற்று நடுவதை விட்டாள். ஊறுகாய் போடுவதை விட்டாள். மாவு கரைக்கச் சொன்னால், "வேற யாராச்சும் கரைக்கட்டும், என் கை பட்டா கெட்டுடும்" என்பாள். கோலாரிலிருந்து பிள்ளைகள் வந்தால்கூட அவர்கள் தலையைத் தடவ மாட்டாள். எனக்குப் பெண் பிறந்தபோது வீட்டின் மூத்தவள் என்று குழந்தையை முதலில் அவளிடம்தான் நீட்டினார்கள். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். "என்கிட்ட குடுக்காதீங்க" என்று அலறினாள். ஓர் அறையிலிருந்து நான் அவளைத் துரத்தினேன். மற்ற எல்லாவற்றிலிருந்தும் அவளே போய்விட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டதுண்டு. பயத்தால் இல்லை. சொன்னால், "நீ சொன்னது நெசந்தான்" என்ற அவள் வார்த்தை திரும்பிப் போய்விடும். பேர்கூட வைக்காத என் குழந்தை மறுபடியும் வெறும் தூரமாகிவிடும். அந்த வார்த்தையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இருபத்தைந்து வருஷம் வரவில்லை.

இந்த இரண்டாவது சண்டைக் காலத்தில் அவள் படுத்த படுக்கையானாள். நான்தான் கஞ்சி ஊட்டினேன். ஒரு மத்தியானம், கிண்ணத்தைக்கூடத் தன் கையால் தொட மாட்டேன் என்று அவள் அடம் பிடித்தபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவரைப் புழு, சட்டி, துணி முடிச்சு, ஈரச் சாக்கு, ஒன்றையும் விடவில்லை. "உங்க கையில ஒண்ணும் இல்லக்கா. நான் செஞ்சேன். வேணும்னே செஞ்சேன்" என்றேன்.

அவள் கண்ணை மூடாமல் கேட்டாள். திட்டுவாள், சபிப்பாள் என்று காத்திருந்தேன், அதற்கு ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது.

"நான் நிம்மதியா சாவணும்னு இம்மாம் பெரிய பழிய உன்மேல போட்டுக்கிறியே. என்ன மனசுடி உனக்கு" என்றாள்.

"பொய் இல்லக்கா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"சரி, சரி" என்றாள், குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி. அவள் கை என் பக்கம் வரப் பார்த்தது, பாதியில் நினைவு வந்து போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "ரொம்ப நேரம் எங்கிட்ட உக்காராத. நீ அறைக்குப் போவணும். குளிச்சிட்டுப் போ."

நான் குளித்துவிட்டு அறைக்குப் போனேன். புழுக்களுக்கு இலை போடும் நேரம் தாண்டியிருந்தது.